‘அவர்களே’ போட்ட நாமக்கோழி

ஒரு பெரிய ஏரி. அதன் தென்கோடியில் அடர்ந்த நாணல். அந்த நாணலுக்குள் சுட்டி என்ற இளம் நாமக்கோழி தன் அக்கா பொட்டழகியோடு குடியிருந்தது. நாமக்கோழி ஒரு நீர்ப்பறவை; உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் பளிச்சென்று வெள்ளை நாமம். சுட்டிக்கு இருந்தது ஒரே ஆசை. மேடை ஏறிப் பேச வேண்டும்!

ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அங்கே ஏரிக்கரைக் கட்சி என்று ஒரு கட்சி. காட்டுப்பன்றிதான் தலைவர். ‘சேற்றுச் செம்மல்’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அவர் வந்தால் விழா. விழா என்றால் பந்தல். பந்தல் போட நாணல். வடகோடியிலும் நாணல் உண்டு, அதில் யாரும் குடியில்லை. ஆனால் விழா நடக்கும் கரைக்குத் தென்கோடிதான் கிட்டே, நடை மிச்சம். அவ்வளவுதான், வேறென்ன!

அந்த வருஷம் பொட்டழகி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. அப்போது வெற்றி விழா வரப்போகிறது என்று பேச்சு எழுந்தது.

“டேய் சுட்டி, பந்தலுக்கு நம்ம நாணலைத்தான்டா வெட்டுவாங்க. குஞ்சு பொரிக்கிற வரைக்குமாவது விட்டுவைக்கச் சொல்லேன்!”

“நான் சொல்றேன்க்கா! தலைவர்கிட்டயே சொல்றேன்!”

சுட்டி நேராக உடும்பிடம் போனது. உடும்புதான் கட்சியின் வட்டச் செயலாளர்.

“அண்ணே, எங்க நாணலைப் பத்தி ஒரு விஷயம்...”

“என்கிட்ட எதுக்குத் தம்பி சொல்றே? மேடையில சொல்லு! தலைவர் காதுல நேரா விழும். ஆனா மேடை சும்மா கிடைக்குமா? முதல்ல கட்சிக்கு உழை!”

உழைத்தது, பாவம். தாமரை இலையைக் கொடியாகப் பிடித்தது. “சேற்றுச் செம்மல் வாழ்க!” என்று தொண்டை கட்டும்வரை கத்தியது. சாயங்காலமானால் கரையில் யாராவது பேசுவார்கள். அந்தக் குரல் தண்ணீர்மேல் தவழ்ந்து நாணல்வரை வரும். சுட்டி கூட்டின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்கும். நம் குரலும் ஒருநாள் இப்படிப் போகாதா என்று அதற்கு நெஞ்சு விம்மும். அந்த ஏக்கத்தில் இரைகூட இறங்காது.

“மேடையில என்னடா பேசப் போறே?” என்று அக்கா கேட்கும்.

“‘நாணலை வெட்டாதீங்க, எங்க அக்கா அங்கே அடைகாக்குது.’ அவ்வளவுதான்க்கா!”

“இதுக்கா இந்தப் பாடு படறே!” என்று பொட்டழகி சிரிக்கும். சிரித்தாலும் அதற்குப் பெருமைதான். முட்டைகளைப் புரட்டிவிட்டு, “மாமா உங்களுக்காகப் பேசப் போறான், தெரியுமா?” என்று அவற்றிடம் சொல்லும்.

விழாவுக்கு முன் ஆலோசனைக் கூட்டம் வந்தது. தலைவரும் வந்தார். சுட்டிக்கும் வாய்ப்பு வந்தது!

உடும்பு காதைக் கடித்தது. “சூரியன் அந்தப் பனைக்குப் பின்னால போற வரைக்கும்தான் உன் நேரம். மரங்கொத்தி தட்டினா இறங்கிடணும். முக்கியமா, முறையை மறந்துடாதே! பெரியவங்க ஒருத்தர் பேரும் விட்டுப்போகக் கூடாது!”

கரையோரத்து மண்மேடுதான் மேடை. சுட்டி அதில் ஏறி நின்றது. எதிரே கரை கொள்ளாத கூட்டம்.  எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை. முறையாவது கையில் இருக்கிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டது.

“கரை காத்த காவலர், சேற்றுச் செம்மல் அவர்களே!”

கூட்டம் ஆர்ப்பரித்தது. அடேயப்பா! சுட்டிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“அவைத்தலைவர் ஆமையார் அவர்களே! மகளிரணித் தலைவி எருமையம்மா அவர்களே! வட்டச் செயலாளர் உடும்பண்ணன் அவர்களே!”

பின்னாலிருந்து யாரோ வாலைப் பிடித்து இழுத்தார்கள். “பொருளாளர் முள்ளம்பன்றியாரை விட்டுட்டியே! அவர் எனக்கு முன்னாடி வரணும்! முதல்லேருந்து சொல்லு!” என்று சீறியது உடும்பு.

சரி, முதலிலிருந்து. இந்தத் தடவை குரல் கணீரென்று வந்தது. ஒவ்வொரு ‘அவர்களே’வுக்கும் ஓர் ஆரவாரம். இத்தனை நாள் ஏங்கிய ஆரவாரம் அல்லவா? விட மனம் வருமா? யாரும் கேட்காமலே தலைவருக்குப் பட்டம் சேர்த்தது நம் சுட்டி. “கிழங்கு கண்ட கோமான் அவர்களே! உறுமும் உதயசூரி...” என்று ஆரம்பித்து, சூரியன் பனையைத் தொடுவதைக் கண்டு வாயை மூடியது.

“இந்த இனிய வேளையில், ஒரே ஒரு கருத்தை மட்டும்...”

டொக்! டொக்! டொக்!

மரங்கொத்தி தட்டிவிட்டது. உடும்பு சுட்டியை இறக்கிவிட்டது. தலைவரே எழுந்து வந்து, சுட்டியின் தோளில் தாமரை இலையைப் போர்த்தினார்.

“யார் இந்தப் பிள்ளை? என்னமாய்ப் பேசுது! இனி இவன்தான் இளைஞரணிச் செயலாளர்!”

ஒரே வாழ்த்து மழை. ஆளாளுக்குத் தூக்கி வைத்து ஆடினார்கள். தலைவர்தான் பக்கத்திலேயே நிற்கிறாரே, காதில் போட்டால் என்ன? போடவில்லை. இவ்வளவு மகிழ்ச்சியில் குறை சொல்லவா என்று சுட்டிக்குக் கூச்சம். செயலாளர் ஆகிவிட்டோம், நாளைக்குச் சொன்னால் இன்னும் எடுபடும் என்று நினைத்தது. அன்று கரையிலேயே தூங்கிப்போனது.

விடிந்ததும் ஆசையாசையாய் வீட்டுக்குப் பறந்தது. வீடு எங்கே? நாணல் எங்கே? உடும்பின் ஆட்கள் வெட்டிக் கட்டுக் கட்டாகக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். வெட்டவெளித் தண்ணீரில் கூட்டின் சருகுகள் மிதந்தன. முட்டைகள் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன.

சுட்டி அலறிக்கொண்டு தலைவரிடம் ஓடியது. “ஐயா! எங்க அக்கா அங்கேதான் அடைகாத்துச்சு! எல்லாம் போச்சுங்கய்யா!”

காட்டுப்பன்றி திகைத்துப் போனார். “அடப் பாவமே! நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வடகோடியில வெட்டச் சொல்லியிருப்பேனே! அவ்வளவு நேரம் பேசினியே தம்பி, இதைச் சொல்லலையே!”

சுட்டி தோளில் கிடந்த இலையை உதறிவிட்டு அக்காவைத் தேடிப் போனது. பொட்டழகி கூடு இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“நேத்து உன் பேச்சு இங்கே வரைக்கும் வந்துச்சுடா” என்றது. “ஒரு வார்த்தை விடாம கேட்டேன். அடுத்தது நம்ம நாணல்தான், அடுத்தது நம்ம நாணல்தான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

சுட்டி தலையைத் தண்ணீருக்குள் புதைத்துக்கொண்டு அழுதது. அந்த மேடு ஒருமுறை கிடைத்தால் போதும், பனைக்கு மேலே சூரியன் இன்னும் இருக்கும் அந்தச் சாயங்காலம் ஒருமுறை திரும்பினால் போதும் என்று அது ஏங்கிய ஏக்கம் இருக்கிறதே, அதற்கு முன் பழைய ஆசையெல்லாம் ஒன்றுமே இல்லை.

பொதுக் காரியம் பேசக் கட்சிக்குப் போகும் இளையவர்கள், எதைக் கேட்கப் போனார்களோ அதை முதல் வார்த்தையிலேயே கேட்டுவிட வேண்டும்; கும்பிடு எல்லாம் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.