மந்திரம் முடிகிற வரை

“பார்த்ததைச் சொன்னா எனக்கு வயித்துல ஈரத்துணி. சொல்லலைன்னா நாளைக்கு ஒருத்தன் உசுரு போயிரும். நான் என்ன செய்யட்டும், தாயே?”

கேட்டவர் வைரவன். கடல்கட்டி. முத்துக்குளிக்கும் காலத்தில் கரையில் நின்று மந்திரம் சொல்லிச் சுறாக்களின் வாயைக் கட்டுகிறவர். அவர் மந்திரம் முடியாமல் ஒரு படகும் புறப்படாது. கூலியாக, வந்து சேரும் ஒவ்வொரு படகும் அவருக்குச் சிப்பியில் பங்கு தரும்.

கேட்கப்பட்டவள் செண்பகவடிவு. மணல்மேட்டுக் கிணற்றடியில் தனியாக இருப்பவள். வைரவனைவிட வயதில் இளையவள்தான். ஆனாலும் குரு குருதான். அவர் தினமும் சாயங்காலம் வந்து கிணற்றடியைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவார். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். உறவு என்று சொல்லிக்கொள்ள அவருக்கு அவள் ஒருத்திதான்.

“என்னத்தைப் பார்த்தீரு?”

“காலையில தெக்குக்கரையில ஒரு ஆமை ஒதுங்கிக் கிடந்துச்சு. பெரிய ஆமை. பாதிதான் இருந்துச்சு. ஓட்டோட சேர்த்து ஒரே கடி.”

“மிச்சம் இருந்த பாதி எங்க?”

வைரவன் தலையைக் குனிந்துகொண்டார்.

“மணல்ல புதைச்சிட்டேன். யாரும் பார்க்கல.”

“ஏன்?”

“தெரிஞ்சா ஒருத்தனும் இறங்க மாட்டான். படகு போகலைன்னா எனக்குப் பங்கு இல்ல. அதுகூடப் போகட்டும், பட்டினி கிடந்துக்கலாம். முத்துக்குளிப்பைக் குத்தகை எடுத்தவரு என்னை விரட்டிட்டு வேற ஆளைக் கொண்டாந்துருவாரு.”

“சுறா இருந்தா என்ன? உம்ம மந்திரம் இருக்கே.”

வைரவன் விரலால் மணலைக் கீறினார்.

“இருக்கா, இல்லையா?”

“எங்க அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தாரு. அவருக்கு அவரு அப்பா. சுறாவுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களான்னு தெரியல, தாயே.”

செண்பகவடிவு சிரிக்கவில்லை.

“மந்திரமே இல்லைன்னா அவங்க எப்படி இறங்குவாங்க?”

“ஒண்ணுக்கு ரெண்டு தடவை தண்ணியைப் பார்த்துட்டு இறங்குவாங்க. இப்ப நான் கட்டிட்டேன்னு சொன்னதும் கண்ணை மூடிக்கிட்டு இறங்குதாங்க.”

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். முத்துக்குளிக்கிறவனுக்கு ஆழம் நன்றாகவே தெரியும். அங்கே எது காத்திருக்கிறது என்பதைத்தான் அடுத்தவன் சொல்ல வேண்டியிருக்கிறது.

“தொம்மைக்குக் கயிறு பிடிக்கிறது யாரு?” என்று கேட்டாள் செண்பகவடிவு.

தொம்மை, குளிக்கிறவர்களில் முதல் ஆள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு அவன் கடலடிக்குப் போனால், அவன் இடுப்புக் கயிற்றின் மறுநுனியைப் படகில் ஒருவன் பிடித்திருப்பான். கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும்.

“அவன் மச்சான். பொண்டாட்டிக்குத் தம்பி.”

“தொம்மைக்கு ஒரு அண்ணன் இருக்கானே. தடியன். நல்லா இழுப்பானே.”

“ஐயோ, அண்ணன் பிடிக்கக் கூடாது, தாயே. அண்ணன் கண்ணசந்தா வீடும் வலையும் அண்ணனுக்கு வந்துரும். மச்சான் கண்ணசந்தா அவன் அக்காள்ல தாலியறுப்பா?”

“சரி. நீரு கரையில நின்னு மந்திரம் சொல்லும்போது தண்ணிக்குள்ள உமக்கு யாரு இருக்கா?”

“எனக்கு யாரு இருக்கா? ஒருத்தருமில்ல.”

அவள் எழுந்து உள்ளே போய் விளக்கேற்றினாள். பதில் வரும் என்று வைரவன் காத்திருந்தார். வரவில்லை. குருமார்களே இப்படித்தான். வயிறு எரிகிறவனிடம் ஒரு வார்த்தை நேராகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அவர் எழுந்து போனார்.

விடிந்தும் விடியாத நேரம். கரைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. அது அடங்குவதற்குள் படகுகள் புறப்பட்டாக வேண்டும். அடங்கிவிட்டால் அன்றைய பாடு போயிற்று. ஆட்கள் பாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். குத்தகைக்காரர் மணலில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார்.

தொம்மையின் படகில் செண்பகவடிவு உட்கார்ந்திருந்தாள். சேலையை வரிந்து கட்டியிருந்தாள். அவள் காலடியில் குளிக்கிற கல் ஒன்று கிடந்தது.

வைரவன் தண்ணீர் ஓரம் வரை ஓடினார்.

“தாயே, நீங்க இங்க என்ன செய்யுதீங்க?”

“அடியில என்ன இருக்குன்னு பார்த்துட்டு வரலாம்னு ஆசை.”

“உங்களுக்கு நீச்சலே தெரியாதே!”

“கல்லு கொண்டுபோய் விடும். மச்சான் இழுத்துப் போடுவான். சுறாவை நீரு கட்டிருவீரு. எனக்கென்ன பயம்?”

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “அம்மாவே இறங்குதாங்க. இன்னைக்கு முத்தா வந்து குமியப் போகுது!” என்றான் ஒருவன்.

“ஆரம்பியும்வே!” என்றார் குத்தகைக்காரர்.

வைரவன் கடலைப் பார்த்து நின்று ஆரம்பித்தார். வழக்கமாக ஒரு வெற்றிலை போட்டு மெல்லுவதற்குள் முடிந்துவிடும் மந்திரம் அது. கடைசியில் ‘கட்டினேன்’ என்று ஒரு சொல் வரும். அந்தச் சொல்லைக் கேட்டதும் படகுகளைத் தள்ளிவிடுவார்கள்.

கடைசிச் சொல்லுக்கு முன்னால் வைரவன் படகைப் பார்த்தார். மறுபடி முதலில் இருந்து தொடங்கினார்.

“என்னவே, இன்னைக்கு ரெண்டு தடவையா?”

மூன்றாவது தடவையும் தொடங்கினார். காற்று தளர்ந்து பாய் தொங்க ஆரம்பித்தது. குத்தகைக்காரர் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினார்.

படகில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

தொம்மை கடலைப் பார்க்கவில்லை. வைரவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு படகிலிருந்து குதித்து, தண்ணீரில் நடந்து அவர் முன்னால் வந்து நின்றான்.

“மந்திரத்தை முடிச்சிரும்,” என்றான்.

ஒரு சொல்தான் பாக்கி. வைரவன் வாயைத் திறந்தார். அவன் தோளுக்கு மேலே படகு தெரிந்தது. செண்பகவடிவு கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை. போட்டது அவிழ அவிழ, திரும்பவும் போட்டுக்கொண்டிருந்தாள்.

வைரவன் இரண்டு கையையும் உயர்த்தினார்.

“கட்டலை!” என்று கத்தினார். “கட்டலை, தொம்மை! யாரும் இறங்காதீங்க! தெக்குக்கரையில பாதி ஆமை கிடக்கு, போய்த் தோண்டிப் பாருங்க. நான்தான் புதைச்சேன். எனக்குக் கட்டத் தெரியாது. என்னைக்குமே தெரியாது!”

ஒவ்வொரு படகிலும் கல்லைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“இந்தக் கரையில இனி உமக்கு ஒத்தைச் சிப்பி கிடையாது!” என்று குத்தகைக்காரர் கூவினார். “நாளைக்கே வேற கடல்கட்டியைக் கொண்டாரேன், பாரும்!”

செண்பகவடிவு கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் படகிலிருந்து இறங்கினாள். நனைந்த சேலையோடு மணல்மேட்டைப் பார்த்து நடந்தாள். வைரவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தொம்மையின் மச்சான் துடுப்பை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தான். தொம்மை அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“நேத்து வரைக்கும்?” என்று வைரவனைக் கேட்டான். “நேத்து வரைக்கும் நாங்க எதை நம்பி இறங்கினோம்?”

“தெரியல, தொம்மை.”

வைரவன் அடிக்குக் காத்து நின்றார். அடி விழவில்லை.

தொம்மை படகுக்குப் போனான். செண்பகவடிவு விட்டுப்போன கல்லைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

“வேற ஆளு வேண்டாம்,” என்றான், குத்தகைக்காரர் பக்கம் திரும்பாமலே.

பிறகு கல்லை வைரவனின் இரண்டு கையிலும் வைத்தான்.

“சுறா போயிட்டுன்னு நீரு என்னைக்குச் சொல்லுதீரோ, அன்னைக்கு இறங்குவோம். முதல் கல்லு உமக்கு.”