மணி அடிக்க வேண்டியவள்

மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. இரண்டு அறைகள், ஒரு வேப்பமரம், மரத்தில் மணிக்குப் பதிலாகத் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. இருபத்தொரு பிள்ளைகள். தலைமையாசிரியை ஞானப்பூ டீச்சர் முப்பது வருடமாக அங்கேயே இருந்தார்.

அந்தப் பள்ளியின் சுவரில் ஒரே ஒரு விதிதான் எழுதியிருந்தது. 'பள்ளிக்குள் மிட்டாய் கொண்டு வரக் கூடாது.' பேசக் கூடாது, ஓடக் கூடாது என்றெல்லாம் எங்கும் எழுதவில்லை.

பேச்சியம்மாள் அங்கே ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். தப்பு வந்துவிடுமோ என்று பயந்து, கரும்பலகையில் எழுத வேண்டியதை முதலில் நோட்டில் எழுதிப் பார்த்துக்கொள்வாள். அப்படி இருந்தும் ஒரு தப்பு நடந்தது.

ஒன்றாம் வகுப்பு மிருதுளா அவளிடம் கேட்டாள். "டீச்சர், நாளைக்கு எனக்குப் பொறந்தநாள். எங்கப்பா மிட்டாய் வாங்கித் தாராங்களாம். கொண்டு வரட்டா?"

"கொண்டு வாயேன்" என்றாள் பேச்சியம்மாள்.

சுவரில் இருந்ததை அவள் படித்திருந்தாள். பாடம் நடக்கும்போது வாயில் போட்டு மெல்லாமல் இருப்பதற்காக எழுதியது என்று நினைத்திருந்தாள். பிறந்தநாள் வேறு அல்லவா?

மறுநாள் காலை பள்ளி வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. மிருதுளாவின் அப்பா திரவியம் இறங்கினான். பைக்கின் பின்னால் இரண்டு அட்டைப்பெட்டிகள். முன்னால், ஜிகினா வைத்த புதுக் கவுனில் மிருதுளா.

ஞானப்பூ டீச்சர் வாசலுக்கு வந்தார்.

"பெட்டியில என்னப்பா?"

"மிட்டாய் டீச்சர். எல்லாப் பிள்ளைகளுக்கும்."

"பிள்ள உள்ள வரட்டும். பெட்டி வெளிய இருக்கட்டும்."

திரவியத்துக்குச் சுருக்கென்றது. "ஏன் டீச்சர், விஷமா கொண்டு வந்திருக்கேன்?"

"மிட்டாய்தான். தெரியுது."

"அப்ப விடுங்க."

"பெட்டி வெளிய இருக்கட்டும்."

"ரெண்டும் சேந்துதான் டீச்சர் வரும். இல்லன்னா ரெண்டும் வராது. டீசிய எழுதிக் குடுங்க. டவுன்ல பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்?"

மிருதுளா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நான் இங்கதான் படிப்பேன்."

"நீ சும்மா இரு."

பேச்சியம்மாள் ஞானப்பூ டீச்சரின் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். "டீச்சர், தப்பு என்னோடது. நேத்து நான்தான் கொண்டு வரச் சொன்னேன். இன்னைக்கு ஒருநாள் மட்டும் விட்டுருங்க. என்னால ஒரு பிள்ள போயிரக் கூடாது."

ஞானப்பூ டீச்சர் வாசலை விட்டு நகரவில்லை.

பேச்சியம்மாள் விடவில்லை. பயந்தவர்களுக்குச் சில நேரம் அப்படி ஒரு துணிச்சல் வரும். "ஒரு மிட்டாய்ல அப்படி என்ன டீச்சர் இருக்கு?"

டீச்சர் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"மர பீரோவுல கீழ்த்தட்டுல பழைய வருகைப் பதிவேடெல்லாம் இருக்கும். சிவப்புத் துணியில கட்டியிருப்பேன். அத எடுத்துட்டு வா. பக்கத்துலயே பெரிய நோட்டு, சேர்க்கைப் பதிவேடு. அதையும்."

டீசி எழுதத்தான் போகிறார் என்று பேச்சியம்மாள் நினைத்தாள். திரவியமும் அப்படித்தான் நினைத்தான். தாழ்வாரத்து மேசைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

மணி ஒன்பதரை ஆகிவிட்டது. தண்டவாளத்தை யாரும் அடிக்கவில்லை. பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வரிசை கட்டி நின்று பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"லேய், ரெண்டு பெட்டியிலயும் சேத்து இருநூறு இருக்கும்லே. ஆளுக்குப் பத்து வரும்."

"கணக்குப் பரீட்சையில மட்டும் முட்ட வாங்கு."

பேச்சியம்மாள் பதிவேடுகளைச் சுமந்துகொண்டு வந்தாள். "டீச்சர், முதல்ல மணிய அடிச்சிரட்டுமா? நேரமாயிட்டு."

"அடிக்க வேண்டியவ வாசல்ல நிக்கா" என்றார் ஞானப்பூ டீச்சர்.

அப்போதுதான் பேச்சியம்மாளுக்கு ஒன்று புரிந்தது. சேர்ந்த முதல் வாரத்தில் ஒருநாள் முழுவதும் ஒரே பையன் மணி அடித்தான். போன வியாழக்கிழமை ஒரு பெண். மற்ற நாட்களில் டீச்சரே அடிப்பார். அந்தப் பையனும் அந்தப் பெண்ணும் ஏன் அன்றைக்கு அவ்வளவு நிமிர்ந்து நடந்தார்கள் என்று அவள் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

"சேர்க்கைப் பதிவேட்டைத் திற" என்றார் டீச்சர். "பேரத் தேடு."

"மிருதுளாதான டீச்சர்?"

"இல்ல. திரவியம்."

திரவியம் நிமிர்ந்தான். "எம் பேரா?"

"நீயும் இங்க படிச்ச பிள்ளதான?"

பழைய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பேச்சியம்மாள் கிழியாமல் பிரித்தாள். பெயர் கிடைத்தது. பிறந்த தேதி பிப்ரவரி பதினொன்று.

"வருகைப் பதிவேட்டுல அவன் மூணாம் வகுப்பு படிச்ச வருஷத்த எடு. பிப்ரவரி மாசம். சத்தமா வாசி."

வந்த நாளுக்கு நீல மையில் ஒரு சாய்கோடு. வராத நாளுக்குச் சிவப்பு மையில் ஒரு 'a'. பேச்சியம்மாள் விரலைக் கட்டம் கட்டமாக நகர்த்தினாள்.

"பத்து, வந்திருக்காங்க. பதினொண்ணு, வரல. பன்னிரண்டு, வந்திருக்காங்க."

"நாலாம் வகுப்பு."

"பத்து, வந்திருக்காங்க. பதினொண்ணு, வரல."

"அஞ்சாம் வகுப்பு."

அவள் குரல் இறங்கிவிட்டது. "பதினொண்ணு, வரல."

திரவியம் பைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டாம் வகுப்புல வந்தேன் டீச்சர்" என்றான்.

"அந்த வருஷம் ஞாயித்துக்கிழம."



ஞானப்பூ டீச்சர் பேச்சியம்மாளிடம் சொன்னார். "அப்பல்லாம் பொறந்தநாள்னா பிரேயர்ல பேர் வாசிப்போம். அந்தப் பிள்ள கலர்ச் சட்ட போட்டு முன்னால வரும். எல்லாருக்கும் மிட்டாய் குடுக்கும். மத்தவங்க கை தட்டுவாங்க. நல்ல பழக்கம்னுதான் நெனச்சேன். அஞ்சாம் வகுப்புல இவன்ட்ட ஒருநாள் கேட்டேன். ஏம்ப்பா நேத்து வரல, காய்ச்சலான்னு."

அவர் அத்துடன் நிறுத்திவிட்டுத் திரவியத்தைப் பார்த்தார்.

"'இல்ல டீச்சர், பொறந்தநாள்'னு சொன்னேன்" என்றான் திரவியம்.

ஞானப்பூ டீச்சர் மேசையைச் சுற்றி அவன் அருகே வந்தார்.

"எங்க இருந்த அன்னைக்கு? அத நான் கேக்கவே இல்ல."

"பம்புசெட்டு ரூம்ல டீச்சர். மிட்டாய் வாங்கக் காசு ஏது? வீட்டுல பள்ளிக்கூடம் போறேன்னு சொல்லிட்டு வந்துருவேன். இந்த மணி அங்க வரைக்கும் கேக்கும். இப்ப கணக்கு, இப்ப சாப்பாடுன்னு நெனச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன். கடைசி மணி கேட்டதும் வீட்டுக்குப் போவேன்." அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "அதான் டீச்சர் ரெண்டு பெட்டி. எம் பிள்ளைக்கு அப்படி வந்துரக் கூடாது."

"உம் பிள்ளைக்கு வராது" என்றார் ஞானப்பூ டீச்சர்.

பிறகு வேப்பமரத்தடியைப் பார்த்தார். இருபது பிள்ளைகள். திரவியமும் திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு முகமாக, வெகுநேரம் பார்த்தான்.

மிருதுளா ஓடி வந்து மறுபடியும் அவன் சட்டையை இழுத்தாள். "அப்பா, நேரமாயிட்டு. நான் மணி அடிக்கணும். பொறந்தநாள் வந்தா அவங்கதான் அடிக்கணுமாம். வேற யாரும் தொடக் கூடாதாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். அன்னைக்கு பூராவும் நானேதான்."

திரவியம் பைக்குக்குப் போனான். தளர்ந்திருந்த கயிற்றை அவிழ்த்து, இரண்டு பெட்டிகளையும் மறுபடி இறுக்கிக் கட்டினான்.

ஒரு பையன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் போட்டான். இன்னொருத்தி இரும்புக் கம்பியை மிருதுளாவின் கையில் கொடுத்தாள். மிருதுளா ஏறி நின்று இரண்டு கையாலும் ஓங்கி அடித்தாள். முதல் அடி தவறியது. "ஏட்டி, மரத்த அடிக்காத" என்று யாரோ சிரித்தார்கள். இரண்டாவது அடி விழுந்தது.

மலை அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. திரவியம் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி அதிர்வு அடங்கும்வரை நின்றான். பிறகுதான் வண்டியை எடுத்தான்.

பிள்ளைகள் வகுப்புக்குள் போனார்கள். பேச்சியம்மாள் பதிவேடுகளைக் கட்டுவதற்காக உட்கார்ந்தாள். அவளால் கட்ட முடியவில்லை. ஒரு பெயரைச் சேர்க்கைப் பதிவேட்டில் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். வருகைப் பதிவேட்டில் அந்தத் தேதியைத் தேடினாள். சிவப்பு 'a'. இன்னொரு பெயர். ஜூலை மூன்று. சிவப்பு 'a'. இன்னொன்று. செப்டம்பர் இருபத்தாறு. ஒரே வகுப்பில் ஏழு பேர். எல்லாப் பக்கங்களிலும் அந்தச் சின்னச் சிவப்பு எழுத்துகள் தங்கள் நாளில் சரியாக உட்கார்ந்திருந்தன.

திரவியம் ஐந்தாம் வகுப்பு முடித்த பிறகு வந்த ஜூன் மாதத்திலிருந்து புரட்டினாள். அதே போலத் தேடினாள். பிறந்த தேதிகளில் நீலக் கோடுகள். அடுத்த வருடமும் நீலக் கோடுகள்.

அவளுக்குத் தன்னுடைய பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. வருடத்துக்கு ஒருமுறை, ஒரே தேதியில் தவறாமல் வந்த தன் வயிற்றுவலியும் ஞாபகம் வந்தது. அதை அவள் இதுவரை வயிற்றுவலி என்றே நம்பியிருந்தாள்.

ஞானப்பூ டீச்சர் சாக்பீஸ் எடுக்க வெளியே வந்தார். பேச்சியம்மாள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், இது எல்லாம் இத்தன வருஷமா இந்த நோட்டுலயே இருந்திருக்கு."

"ஆமா."

"ஆய்வுக்கு வந்தவங்க யாரும் பாக்கலயா?"

"பாத்தாங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து இருக்கே."

"அவங்க கண்ணுல படாதது உங்க கண்ணுல பட்டிருக்கு டீச்சர்."

ஞானப்பூ டீச்சர் அவள் கையிலிருந்த பதிவேட்டை வாங்கினார். பிப்ரவரிப் பக்கத்தைத் திறந்து, அந்தச் சிவப்பு எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"எழுதினதே நான்தான், பேச்சி."