அழுத்தி எழுதிய பக்கம்

"படத்துல ஒண்ணுமே இல்ல. அப்புறம் எனக்கு எதுக்கு மூச்சு முட்டுச்சு?"

இதைக் கேட்பதற்காகவே குமுதவல்லி நெல்லிக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

கடலூர் பழைய துறைமுகத்துப் பக்கம் மூடிப்போன ஐஸ் ஃபேக்டரி ஒன்று. அதன் கொட்டகையில்தான் ஓவியர் தணிகைவேல் வரைந்துகொண்டிருந்தார். அவருக்கு முப்பத்தேழு வயது. அவளுக்கு அறுபத்தொன்று.

போன வாரம் புதுச்சேரியில் நடந்த கண்காட்சிக்குச் சிநேகிதி ஒருத்தி அவளை இழுத்துப் போயிருந்தாள். அங்கே அவருடைய படம் ஒன்று ஆளுயரத்துக்குத் தொங்கியது. கறுப்பின் மேல் சாம்பல். அந்தச் சாம்பலின் மேல் இன்னொரு சாம்பல். கீழ் ஓரத்தில் கத்தியால் சுரண்டிய இடத்தில் துளி சிவப்பு. மரம் இல்லை, மனிதர் இல்லை. அதன் முன்னால் அரை மணி நேரம் அவளால் நகர முடியவில்லை. வெளியே வந்ததும் யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதைப் போல எரிச்சலாக இருந்தது.

தணிகைவேல் பிரஷைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"மூச்சு முட்டுச்சா?"

"ஆமா தம்பி."

"அப்போ ஒண்ணும் இல்லன்னு எப்படிச் சொல்றீங்க?"

அவ்வளவுதான். மறுபடி பிரஷைக் கழுவப் போய்விட்டார்.

குமுதவல்லி வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். தனக்கும் இப்படி வரைய வேண்டும், சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். வியாழக்கிழமை வரச் சொன்னார்.

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து அவர் அவளுக்கு மாஸ்டர் ஆனார்.

அவள் முப்பத்து நான்கு வருடம் மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்துதான் பழக்கம். முதல் நாளே ஒரு நோட்டுப் போட்டு, கோடு கிழித்து எழுதிக்கொண்டு வந்தாள். சிவப்பு என்றால் கோபம். நீலம் என்றால் துக்கம். மஞ்சள் என்றால் சந்தோஷம். பச்சை என்றால் அமைதி.

மாஸ்டர் அதை முழுவதும் படித்தார்.

"யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றதுதானே."

நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தார். ஒரு டப்பா மஞ்சளும் ஒரு கட்டுக் காகிதமும் கொடுத்தார். வேறு நிறம் எதுவும் கொடுக்கவில்லை.

இரண்டு மாதம் அவள் மஞ்சளையே பூசினாள். ஓரம் பிசகாது. ஒரு சொட்டு வெளியே வழியாது. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள்கூட அப்படி அடிக்க முடியாது. எட்டு வாரம், எட்டுக் கட்டு. மாஸ்டர் அடுத்த கட்டை எடுத்துக் கொடுப்பார்.

ஒன்பதாவது வாரம், அதுவரை பூசியதிலேயே நல்லதாகப் பன்னிரண்டு தாள் எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பச் சொன்னார். அவள் பரப்பினாள். அவர் செருப்பைக் கழற்றாமல் அவற்றின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து போனார்.

குமுதவல்லி குனிந்து, செருப்புத் தடம் விழுந்த தாள் ஒன்றை எடுத்தாள்.

"எதுக்கு மாஸ்டர்?"

"நடந்து போகலாம் போல இருந்துச்சு."

அன்று அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. இனிமேல் அந்தப் பக்கம் போவதில்லை என்று நினைத்தாள். வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கு மாஸ்டர் அவளை ஸ்டூலில் உட்கார வைத்து மூன்று பலகைகளை எடுத்தார்.

முதல் பலகையில் மஞ்சளைத் தண்ணீராகக் கரைத்து மேலிருந்து ஊற்றினார். அது தன் பாட்டுக்கு வழிந்து இறங்கியது. இரண்டாவதில் அதே மஞ்சளைக் கெட்டியாகக் கத்தியில் அள்ளி அப்பினார். வெண்ணெய் மாதிரி மேடு தட்டியது. மூன்றாவது பலகையில் ஏற்கெனவே கறுப்புப் பூசிக் காய்ந்திருந்தது. ஈரமே இல்லாத பிரஷில் மஞ்சளைத் தொட்டு, அந்தக் கறுப்பின் மேல் வறட்டு வறட்டென்று தேய்த்தார். மஞ்சள் பிசிறு பிசிறாக ஒட்டியது. இடுக்கில் எல்லாம் கறுப்பு எட்டிப் பார்த்தது.

"இதுல எதோட நீங்க ஒரு ராத்திரி தனியா ஒரு ரூம்ல இருக்க மாட்டீங்க?"

அவள் யோசிக்காமல் மூன்றாவதைக் காட்டினாள். காட்டிய பிறகு கையை இழுத்துக்கொண்டாள். மூன்றும் ஒரே டப்பா மஞ்சள். அவள் நோட்டில் சந்தோஷம் என்று எழுதிவைத்த மஞ்சள்.

"இது எப்படி மாஸ்டர்?"

"கைக்குத் தெரியும்."

"உங்க கைக்குத் தெரியும். என் கைக்கு ஒண்ணும் தெரியாது."

அதுவரை யாரிடமும் சொல்லாததை அன்று அவள் சொன்னாள்.

அவள் கணவர் சபாபதி நான்கு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். அவள் அழவில்லை. யாருக்குக் காப்பி போகவில்லை, யாருக்குப் பாய் வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கருமாதி முடிந்த மறுநாள் காலை டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினாள். ஒரே மகள் இந்துமதி வாசலில் நின்று கேட்டாள்: "உனக்குள்ள ஒண்ணுமே இல்லையாம்மா?"

அவள் படியிறங்கிப் போனாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அன்று மாலை அவள் திரும்பி வந்தபோது இந்துமதி நெய்வேலியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போயிருந்தாள். அதன் பிறகு தீபாவளிக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒரு போன்.

"அவ கேட்டது சரிதான் மாஸ்டர். முப்பத்து நாலு வருஷம் அடுத்தவங்க சொன்னதையே எழுதின கை. கொலைக் கேஸ் எழுதியிருக்கேன். பொண்ணை எரிச்ச கேஸ் எழுதியிருக்கேன். பெத்தவ கூண்டுல நின்னு கதறுவா. ஜட்ஜே கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாரு. என் பென்சில் நிக்காது. ஒரு தப்பு வந்ததில்ல. எனக்குள்ள ஒண்ணும் இல்ல. ஏதாவது இருக்கான்னு பார்க்கத்தான் வந்தேன்."

மாஸ்டர் கத்தியைத் துணியில் துடைத்தார்.

"அந்த நோட்டெல்லாம் இருக்கா?"

ஆபீஸ் விதிப்படி அவற்றை அழித்திருக்க வேண்டும். ஆனால் ரிட்டயர் ஆன அன்று அலமாரியின் அடித்தட்டிலிருந்து பதினோரு நோட்டை அவள் பைக்குள் போட்டு எடுத்து வந்துவிட்டாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அடுத்த வாரம் அந்தப் பதினொன்றும் மாஸ்டரின் மேஜைக்கு வந்தன.

சுருக்கெழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. அவள் விளக்கப் பார்த்தாள். கோட்டை மெல்லிசாகப் போட்டால் ஒரு எழுத்து, அதே கோட்டை அழுத்திப் போட்டால் வேறொரு எழுத்து என்று சொன்னாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சொல்லாதீங்க. தெரியாம பார்க்கிறேன்."

அவள் தானாகவே ஒரு நோட்டைத் தேடி மேலே வைத்தாள். அந்த எரித்த கேஸ். பெண்ணின் தாய் சாட்சி சொன்ன நாள். மாஸ்டர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். கோடுகள் மயிரிழை மாதிரி ஓடின. அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தியிருந்தது, விட வேண்டிய இடத்தில் விட்டிருந்தது. அவர் எங்கும் நிற்கவில்லை.

"நல்லா வேலை செஞ்சிருக்கீங்க," என்று மூடி வைத்தார்.

அது அவளைச் சுட்டது. தான் சொன்னதுதான் நிஜம் என்று ஆகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று பார்த்தாள்.

இரண்டாவது நோட்டு போயிற்று. மூன்றாவது போயிற்று. அவர் சீட்டுக் கட்டைப் பிரிப்பதைப் போல வேகமாகப் புரட்டினார்.

ஏழாவது நோட்டின் நடுவில் அவர் கை நின்றது.

ஒரு பக்கம் பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்தார். நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். திரும்பி வந்து அவள் முன்னால் வைத்து விரலால் தொட்டார்.

"இங்க என்ன நடந்துச்சு?"

குமுதவல்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். முதலில் அது தன் கைதானா என்றே சந்தேகமாக இருந்தது.

பக்கத்தில் ஒரு கோடுகூட மெல்லிசாக இல்லை. எல்லாமே அழுத்தி விழுந்திருந்தன. வரிகள் வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்கின. ஒரு இடத்தில் பென்சில் முனை ஒடிந்து தாள் கிழிந்திருந்தது. கிழிசலைத் தாண்டி, நிற்காமல் கோடு போய்க்கொண்டே இருந்தது.

"இதைப் படிக்கவே முடியாது மாஸ்டர். எல்லாம் தப்பு. எல்லா எழுத்தும் வேற எழுத்தா ஆயிடுச்சு."

"முயற்சி பண்ணுங்க."

அவள் தட்டுத் தடுமாறிப் படித்தாள்.

"தென்னை மரம் ஐந்து. அதில் மூன்று என் தகப்பனார் வைத்தது. பிரதிவாதி வேலியைப் பதினாறு அடி தள்ளிப் போட்டுக்கொண்டார். கிணற்றுக்குப் போகிற வழி எனக்குப் பாத்தியப்பட்டது."

நிமிர்ந்து பார்த்தாள்.

"வேலித் தகராறு. சும்மா ஒரு சிவில் கேஸ். இதுல என்ன இருக்கு?"

"அது எனக்குத் தெரியாது. நான் படிக்கல."

கோர்ட்டில் ஒவ்வொரு நாளும் முதல் பக்கத்தின் தலையில் மட்டும் தேதி போடுவாள். குமுதவல்லி பின்னோக்கிப் புரட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது பக்கத்தில் தேதி இருந்தது.

பார்த்தாள்.

கொட்டகைக்கு வெளியே படகு இன்ஜின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது நின்ற பிறகுதான், அவ்வளவு நேரமும் அது ஓடியது அவளுக்குத் தெரிந்தது.

கருமாதிக்கு மறுநாள்.

அன்று வழக்கம்போல நாலு பென்சில் சீவியது நினைவிருந்தது. டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் இருந்தது நினைவிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் எதற்கு இன்றைக்கே வந்தீர்கள் என்று கேட்டதும், வேலை கிடக்கிறதே என்று தான் சொன்னதும் நினைவிருந்தன. இந்தப் பக்கம் நினைவில்லை. தாள் கிழிந்தது நினைவில்லை.

மாஸ்டர் கேட்டார்.

"டைப் அடிக்கும்போது தப்பு வரலையா?"

"வரல. ஒரு வார்த்தைகூட."

"எப்படி?"

"நோட்டைப் பார்க்கல போல இருக்கு. கேட்டதெல்லாம் மனசுல இருந்துச்சு. அப்படியே அடிச்சிருக்கேன்."

"அப்புறம் இதை யாரும் பார்க்கலையா?"

"டைப் ஆயிட்டா நோட்டை யார் பார்ப்பாங்க? நானே இப்பத்தான் பார்க்கிறேன்."

அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பி, அவள் விரலைப் பிடித்துப் பின்புறத்தில் வைத்தார். கோடுகள் தழும்பு மாதிரி மேடாகக் கையில் தட்டின. அடுத்த தாளைத் திருப்பினாள். அதிலும் பள்ளம் விழுந்திருந்தது. அதற்கடுத்த தாளிலும். விரலை எடுக்க முடியவில்லை அவளால்.

"மாஸ்டர், இன்னைக்கு வகுப்பு..."

"முடிஞ்சுது."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டில் நெய்வேலி பஸ் நின்றது. ஏறிக்கொண்டாள்.

இந்துமதி கதவைத் திறந்தவள் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு வழிவிட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். ஏன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாய் என்று கேட்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று மட்டும் கேட்டாள்.

குமுதவல்லி பையிலிருந்து அந்த ஏழாவது நோட்டை எடுத்து நீட்டினாள். அடையாளம் ஒன்றும் வைத்திருக்கவில்லை.

"என்னது இது? உன் கோர்ட்டு நோட்டா?"

"ம்."

"இந்தக் கிறுக்கல் எனக்கு எங்கம்மா படிக்கத் தெரியும்?"

"படிக்க வேணாம். பாரு."

இந்துமதி சலிப்போடு வாங்கி, நடுவில் எங்கேயோ பிரித்துப் புரட்டினாள். பக்கங்கள் வேகமாகப் போயின. பிறகு மெதுவாகப் போயின. ஒரு பக்கத்தைத் தாண்டியவள் திரும்ப அதற்கே வந்தாள். கிழிசலின் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

இந்துமதி நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அம்மா, இது என்னைக்கு எழுதினது?"