வலது மூலையில் நிற்பவர்கள்

வெண்ணாற்றின் தென்கரையில் ஓர் அன்னமடம் இருந்தது. நண்பகல் பந்தி முடிந்தவுடன் அங்கே சமையற்கட்டை மூடிவிட மாட்டார்கள். மடத்தார் ஒருவர் வாசலுக்குச் சென்று தெருவை நோக்கி, "பசித்தவர் உண்டோ?" என்று மும்முறை குரல் கொடுப்பார். பின்னர் ஒரு செம்பு நீரை வாசற்படியில் ஊற்றுவார். அந்த நீர் படிகளின் வழியே வடிந்து மண்ணில் மறையும் வரை அவர் அங்கேயே நிற்க வேண்டும். அதன் பிறகே கதவு அடைபடும். இது அம்மடத்தின் மரபு.

குரல் கொடுக்கும் பொறுப்பு திருமேனிநாதருடையது. அவர் சார்பதிவாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றபின் மடம் புகுந்த சீடர். குருவாகிய உமையாள் அம்மையாரைவிட வயதில் மிக மூத்தவர். அம்மையாரோ பொறுமைக்குப் பெயர் பெற்றவர் அல்லர்.

மடத்தின் கணினியும் திருமேனிநாதரின் பொறுப்பிலேயே இருந்தது.

ஒரு நாள் காலை அவர் அம்மையாரின் முன் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"தாயே, ஒரு கேள்வி."

"கேளுங்கள்."

"மனத்தை ஒருமுகப்படுத்துவது எப்படி?"

"நேற்று வரை இந்தக் கேள்வி உங்களிடம் இல்லையே. இன்று என்ன நேர்ந்தது?"

"கணினி நேர்ந்தது."

அம்மையார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சொல்லுங்கள்."

"திரையின் அடியில் ஒரு பட்டை ஓடுகிறது. அதன் வலது மூலையில் சின்னஞ்சிறு படங்கள் குடியேறியிருக்கின்றன. ஒன்று சிவக்கிறது. ஒன்று துள்ளுகிறது. ஒன்று மணி அடிக்கிறது. வைரஸ் தடுப்பான் தன் காவல் முடியப் போகிறது என்று நாள்தோறும் மிரட்டுகிறது. அச்சுப்பொறி மை கேட்கிறது. வெளியே வெயில் என்று ஒன்று அறிவிக்கிறது. சன்னலைத் திறந்தால் எனக்கே தெரியாதா? செய்திச் செயலியிலோ, முன்பின் அறியாத அன்பர்கள் தாமரைப் படத்தோடு காலை வணக்கம் அனுப்பிய வண்ணம் இருக்கிறார்கள். அத்தனை தாமரைகளையும் திறந்து மூடுவதற்குள் பந்தி நேரம் வந்துவிடுகிறது. தல வரலாற்றைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன், தாயே. இறைவன் திருப்பெயரோடு நிற்கிறது. இறைவி இன்னும் வரவில்லை."

"பாவம் இறைவி."

"பதிவு அலுவலகத்தில் ஒருவன் இப்படி என் மேசை மூலையில் நின்று துள்ளியிருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன்."

"நிறுத்தியிருப்பீர்கள்," என்றார் அம்மையார்.

"ஒரு வழி கூறுங்கள்."

வெளியே வண்டி காத்திருந்தது. கிளை மடமொன்றில் குடமுழுக்கு. அம்மையார் தம் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

"வாசலில் செய்வதையே மூலையிலும் செய்யுங்கள்."

வண்டி சென்றது. திருமேனிநாதர் கணினியின் முன் அமர்ந்து குருமொழியைச் சிந்தித்தார்.

'வாசலில் நான் என்ன செய்கிறேன்? கதவை அடைக்கிறேன்.'

அவர் முகம் மலர்ந்தது. உடனே அமைப்புகளைத் திறந்தார். ஒவ்வொரு பொத்தானாக அணைத்தார். மணியை நிறுத்தினார். துள்ளலை நிறுத்தினார். நீக்க இயலாத குறிகளை அங்கிருந்த சிறிய அம்புக்குறிக்குப் பின்னால் தள்ளி மறைத்தார். மூலையில் கடிகாரம் மட்டும் எஞ்சியது. அதையும் மறைக்க நெடுநேரம் வழி தேடினார், கிடைக்கவில்லை. எனினும் மூலை கழுவிவிட்ட தளம் போல் விளங்கிற்று.

அன்று மாலைக்குள் இறைவி வந்துவிட்டாள். தலவிருட்சமும் வந்துவிட்டது.

இங்கே வேறொன்றையும் கூற வேண்டும். மடத்திற்கு நடந்து வர இயலாதவர்களுக்குத் தூக்குச்சட்டியில் சோறு அனுப்புவது வழக்கம். அவர்கள் காலையில் கைப்பேசியிலிருந்து "உண்டு" என்று ஒரே ஒரு சொல் அனுப்ப வேண்டும். அது கணினியின் வலது மூலைக்கு வந்து சேரும். சொல் வந்தால் சட்டி போகும், வராவிட்டால் போகாது. சோறு வீணாகலாகாது என்று இவ்விதியை வகுத்தவர் திருமேனிநாதரே. அந்நாளில் அவ்வாறு சோறு பெற்று வந்தவர் ஒருவர்தாம். அவர் பெயர் பவுனம்மாள். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைத்தவர். வழுக்கி விழுந்து, கால் முறிந்து, மாவுக்கட்டோடு வாய்க்கால் தெருவில் தனியே கிடந்தார்.

மூலையைக் கழுவிய மறுநாள் "உண்டு" வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

"பவுனம்மாவுக்குச் சட்டி போகலீங்களே," என்றார் சமையற்காரர். "ஒரு நடை பார்த்துட்டு வரட்டுங்களா?"

"தேவையில்லை. தேவையிருப்பின் அறிவித்திருப்பார்."

"இல்லீங்க, ஒத்தப் பொம்பளை…"

"கால் கூடியிருக்கும். நல்ல செய்தியை ஏன் ஐயுறுகிறீர்?"

அன்று மாலை வழிபாட்டில் திருமேனிநாதர் ஒரு விளக்கு கூடுதலாக ஏற்றினார். பவுனம்மாளின் எலும்பைக் கூட்டுவித்த இறைவனுக்கு நன்றி கூறினார். கேட்டவர்கள் உருகினார்கள்.

மேலும் ஒரு நாள் சென்றது. அதற்கடுத்த நண்பகல் அவர் வழக்கம்போல் வாசலுக்கு வந்தார். அண்மைக்காலமாக அவர் நீரை ஊற்றிய கையோடு கதவை இழுத்துவிடுவார். நீர் இரண்டாம் படிக்கு இறங்கும் முன்பே தாழ் விழுந்துவிடும். ஆனால் அன்று மும்முறை கூவி முடித்து நிமிர்ந்தபோது, தெருமுனையில் உமையாள் அம்மையார் பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தார்.

திருமேனிநாதர் நீரை ஊற்றினார். கைகட்டி நின்றார்.

நீர் முதற்படியில் தயங்கிற்று. இரண்டாம் படிக்கு இறங்கிற்று. அம்மையார் வந்து அருகில் நின்றார். நீர் கடைசிப் படியை அடைந்தபோது ஒரு வண்டியின் ஒலிப்பான் கேட்டது.

ஊராட்சியின் குப்பை வண்டி வாசலில் வந்து நின்றது. ஓட்டுநரின் பக்கத்தில், மாவுக்கட்டிட்ட காலை முன்னால் நீட்டியபடி, பவுனம்மாள் அமர்ந்திருந்தார்.

"பசித்தவர் உண்டோன்னா கூவுறீங்க? உண்டு சாமி. நல்லாவே உண்டு."

"பவுனம்மாளா! கால் கூடிவிட்டது என்றல்லவா…"

"கூடிருச்சா? யாரு சொன்னா? இந்தக் காலுக்கிட்டச் சொல்லுங்க, அதுக்குத் தெரியாது."

"குப்பை வண்டியில் வரலாமா, அம்மா?"

"பின்ன, பல்லக்கா அனுப்புனீங்க? வர்ற வழியெல்லாம் ஊரே கேக்குது, 'என்னா பவுனக்கா, நீ மக்குற குப்பையா, மக்காத குப்பையா'ன்னு."

ஓட்டுநர் வேறு பக்கம் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்.

"ஒரு சொல் அறிவித்திருக்கலாமே," என்றார் திருமேனிநாதர்.

"அறிவிக்கலையா நானு? தெனம் காலையில போட்டேன். மத்தியானம் போட்டேன். ராவுல போட்டேன். கிணத்துல கல்லப் போட்டாக்கூடச் சத்தம் வரும் சாமி. அடுத்த வீட்டுப் புள்ள வாங்கித் தந்த பன்னைத் தண்ணியில நனைச்சுத் தின்னுக்கிட்டுக் கெடந்தேன். ஊருப் புள்ளைங்க அத்தனைக்கும் ஆக்கிப் போட்ட கை இது." அவர் கையை நீட்டிக் காட்டினார்.

திருமேனிநாதர் படியிறங்கி வண்டியருகே சென்றார்.

"இலை போடுங்கள்," என்றார் அம்மையார்.

ஓட்டுநரும் சமையற்காரரும் பவுனம்மாளைத் தூக்கி வந்து வாசல் கூடத்தில் அமர்த்தினார்கள். திருமேனிநாதரே பரிமாறினார். பவுனம்மாள் முதல் உருண்டையை விழுங்கிவிட்டு, "சாம்பாருல உப்புக் கம்மி," என்றார். பிறகு பேசவில்லை. குனிந்த தலை நிமிராமல் உண்டார்.

அம்மையார் காலிச் செம்பை எடுத்தார். குடத்திலிருந்து அதை விளிம்பு வரை நிரப்பினார். கணினி அறைக்குள் நடந்தார். திருமேனிநாதர் பதறிப் பின்னால் ஓடினார்.

"தாயே! தாங்கள் சொன்னதைத்தான் செய்தேன். வாசலில் செய்வதையே மூலையிலும்…"

"வாசலில் என்ன செய்கிறீர்கள்?"

"மும்முறை குரல் கொடுக்கிறேன். கதவை அடைக்கிறேன்."

"நடுவில்?"

"நீர் ஊற்றுகிறேன்."

"பிறகு?"

"அது வடியும் வரை நிற்க வேண்டும் என்பது மரபு."

"நான் மரபைக் கேட்கவில்லை."

அம்மையார் செம்போடு கணினியை நெருங்கினார். திருமேனிநாதர் இரு கைகளையும் விரித்து விசைப்பலகையின் மேல் கவிழ்ந்துகொண்டார்.

"வேண்டாம் தாயே! மின்சாரம்!"

"கணினியைக் குளிப்பாட்ட வரவில்லை. கையை எடுங்கள். அந்த அம்பைத் திறங்கள்."

அவர் திறந்தார். மறைந்திருந்த குறிகளெல்லாம் ஒரு சிறு பெட்டிக்குள் நெருக்கியடித்து நின்றன. செய்திச் செயலியின் தலையில் சிவப்புப் பொட்டு இருந்தது.

"படியுங்கள்."

தாமரைகளுக்கு நடுவே பவுனம்மாள் இருந்தார்.

"'உண்டு,'" என்று படித்தார் திருமேனிநாதர். "'உண்டு சாமி.' 'சாமி சோறு வரல.' 'உண்டு.' 'சாமிக்கு எம்மேல கோவமா.' 'உப்பு கம்மின்னு சொன்னது தப்புதான் இனிமே சொல்ல மாட்டேன்.'"

அவர் நிறுத்தினார்.

"இன்னும் ஒன்று இருக்கிறது," என்றார் அம்மையார்.

"'மடத்துல எல்லாரும் நல்லா இருக்கீங்களா சாமி. ஒரு சேதியும் இல்லையே.'"

கூடத்தில் சமையற்காரர் மோர் ஊற்றும் ஓசை கேட்டது. திருமேனிநாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

"மாட்டுங்கள்," என்றார் அம்மையார். "மற்றவர்களையும் கேட்க வேண்டும்."

"எவரை?"

"அம்புக்குப் பின்னால் நிற்கிறார்களே, அவர்களை."

"எப்படிக் கேட்பது?"

"எனக்குக் குரல் போதாது. ஊருக்கே கேட்கும் குரல் உங்களுடையது."

திருமேனிநாதர் தொண்டையைக் கனைத்தார். பதிவு அலுவலகத்தில் எத்தனையோ பேரைப் பெயர் சொல்லி அழைத்த குரல் இப்போது கணினியை நோக்கி எழுந்தது.

"வைரஸ் தடுப்பானே… பசியோ?"

"என்ன சொல்கிறது?"

"சந்தா கேட்கிறது. சென்ற மாதமே கட்டியாயிற்று, தாயே. மேலும் உயர்ந்த காவல் வேண்டுமா என்று ஆசை காட்டுகிறது."

"வேண்டுமா?"

"வேண்டாம்."

"விடை கொடுங்கள்."

அவர் அதை அணைத்தார்.

"அச்சுப்பொறியே, பசியோ? மை இல்லை என்கிறது."

"உண்மையில் இல்லையா?"

அவர் எழுந்து சென்று மூடியைத் திறந்து பார்த்தார். விரலை உள்ளே விட்டார். காய்ந்த விரலோடு திரும்பினார். "இல்லை. சென்ற வாரமே சொல்லிற்று."

"அடுத்தது."

"வானிலையே, பசியோ? வெயில் என்கிறது, தாயே. இதைத்தான் நான் முதலிலேயே…"

"வெயிலுதான் சாமி!" என்று கூடத்திலிருந்து பவுனம்மாளின் குரல் வந்தது. சோறு சேர்ந்த குரல். "குப்பை வண்டியில கூரை இல்ல!"

அம்மையார் உதட்டைக் கடித்துக்கொண்டார். "அதற்கும் விடை கொடுங்கள். சன்னல் இருக்கிறது."

தாமரை அன்பர்கள் வந்தார்கள். திருமேனிநாதர் ஒவ்வொருவரின் பெயரையும் படித்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு வணக்கம் கூறினார். ஒவ்வொருவரின் மணியையும் தனித்தனியே நிறுத்தினார். நடுவில் ஒருமுறை மட்டும் கை நின்றது. தாமரைக்குக் கீழே ஓர் அன்பர், தம் மகன் பேசாமல் வீட்டை விட்டுப் போய்விட்டான், மடத்தின் பக்கம் வந்தானா என்று கேட்டிருந்தார். அந்த மணியை அவர் நிறுத்தவில்லை.

எல்லாம் முடிந்தபோது மூலையில் சில குறிகளே எஞ்சின. ஆனால் மூலை முன்போல் கழுவினாற்போல் இல்லை. குப்பை வண்டி பவுனம்மாளை வீட்டில் விடப் புறப்பட்டுவிட்டது. தூக்குச்சட்டி அவர் மடியில் சென்றது. திருமேனிநாதர் நாற்காலியில் சாய்ந்தார். தல வரலாறு அதே தலவிருட்சத்தின் அடியில் நின்றது.

மணி அடித்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். புதிய அன்பர். புதிய தாமரை. மாலை வணக்கம்.

"தாயே!" அவர் குரல் உடைந்தது. "ஒருவரை அனுப்பினால் இன்னொருவர் வருகிறார். நான் எழுத வேண்டாமா? தியானம் செய்ய வேண்டாமா? இந்த மூலையில் இப்படி எவ்வளவு காலம்தான் நிற்பது?"

அம்மையார் செம்பை எடுத்து, திரையின் வலது மூலைக்கு அருகே மேசைமேல் வைத்தார்.

"நீர் வடியும் வரை."

அவர் போய்விட்டார்.

திருமேனிநாதர் செம்பைப் பார்த்தார். விளிம்பு வரை நீர் நின்றது. செம்பில் ஓட்டை எதுவும் இல்லை.

மூலையில் ஒன்று துள்ளியது. அவர் நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டார்.