அரை விரல் ஸ்பாஞ்சு

கரூர் பைபாஸில் ஜமீலாவின் ஹெல்மெட் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. வாங்க வந்தவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும். அதற்கப்புறம்தான் வியாபாரம். மச்சானுக்கு வேண்டும், அவனுக்கும் என் தலை அளவுதான் என்று யாராவது வந்தால், "தலையைக் கூட்டிட்டு வாங்க" என்பாள். பாதிப் பேர் அலுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

நாச்சிமுத்துவுக்கும் இதெல்லாம் அலுத்துத்தான் போயிருந்தது. மனுஷன் இருபத்தெட்டு வருஷம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட்டுக்கு ஸ்பாஞ்சு வெட்டி உறை தைத்தவர். இடுப்பு போய்விட்டது, இனிமேல் குனிந்து வேலை பார்க்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐம்பத்து நாலு வயதில் எந்த வேலைக்குப் போவது? நாலு மாசமாக இங்கே தொழில் பழகுகிறார். சொல்லித் தருகிறவளுக்கு வயது முப்பத்து மூன்று. அவர் அவளை அம்மணி என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். வெளியாள் யாராவது "இது யாருங்க?" என்று கேட்டால் மட்டும், "என்ற வாத்தியாருங்க" என்பார், சிரிக்காமல்.

வாத்தியார் என்னதான் சொல்லித் தந்தாள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிற வழக்கம் அவளிடம் இல்லை. ஏன் அரை மணி நேரம் என்று ஒருநாள் கேட்டார். அவள் ஒரு ஹெல்மெட்டை எடுத்து அவர் தலையில் மாட்டி, பில்களை அடுக்கச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் நெற்றியில் ஒரே இடத்தில் வலி. இருபதாவது நிமிஷம் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டார். கண்ணாடியில் பார்த்தால் நெற்றி நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருந்தது.

"மாட்டும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அவள் அந்த ஹெல்மெட்டைத் துடைத்துப் பழையபடி அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பங்குனி மாசம் ஒரு மதியம். ஜமீலா பார்சல் ஆபீஸில் சரக்கு எடுக்கப் போயிருந்தாள். மாயனூர்ப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்து நர்ஸ் வளர்மதி கடைக்கு வந்தாள். தினமும் ஸ்கூட்டரில் அறுபது கிலோமீட்டர், முழுக்க மணல் லாரி ஓடுகிற ரோடு. போன வாரம் லாரி உரசிக் கீழே விழுந்திருக்கிறாள். போட்டிருந்தது பாதித் தலையை மூடுகிற பழைய ஹெல்மெட். மண்டைக்கு ஒன்றுமில்லை, தாடையில் தோல் உரிந்து பிளாஸ்திரி போட்டிருந்தது. இனி முகத்தையும் சேர்த்து மூடுகிற ஹெல்மெட்தான் என்று முடிவு செய்து வந்திருந்தாள்.

நாச்சிமுத்து அவள் தலைக்கு டேப் வைத்து அளந்து, மீடியம் எடுத்துக் கொடுத்தார்.

"ரெண்டு கன்னத்தையும் பிடிச்சுக் கிள்றாப்பல இருக்குதுங்கண்ணா. பின்னாடி கொண்டையும் இடிக்குது. லார்ஜ் குடுங்க."

"லார்ஜ் தலையில ஆடுங்க நர்சம்மா. அரை மணி நேரம் இப்படியே உக்காந்து பாருங்க."

"அரை மணி நேரமா? காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சவ நான். இப்பத்தான் ஒரு முகாம் முடிச்சுட்டு வர்றேன். நாலு மணிக்குப் பச்சைப் புள்ளைகளத் தூக்கிட்டுத் தாய்மாருக வந்து உக்காந்திருவாங்க."

சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு களைப்பு. பார்த்த நாச்சிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு பாடுபடுகிறவளுக்கு இதில்கூட ஒரு சுகம் வேண்டாமா?

"குடுங்க இப்படி" என்று வாங்கினார். கன்னத்து மெத்தைப் பேடுகள் பட்டனில் மாட்டியிருப்பவை, இழுத்தால் வந்துவிடும். தையலைப் பிரித்து, ஸ்பாஞ்சைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, பிளேடால் அரை விரல் கனத்துக்குச் சீவினார். கொண்டைக்காகப் பிடரிப் பக்கத்திலும் அதே அளவு சீவினார். திரும்பத் தைத்து மாட்ட அரை மணிக்கும் கூடவே ஆகிவிட்டது. அதுவரைக்கும் நர்சம்மா நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.

எழுப்பி மாட்டிவிட்டார்.

"அப்பாடா" என்றாள். "இதுதாங்கண்ணா ஹெல்மெட்."

அவள் போனபிறகு நாச்சிமுத்து ஒரு டீ வரவழைத்து நிதானமாகக் குடித்தார். நாலு மாசத்தில் முதல் தடவையாகத் தானும் ஒரு ஆள்தான் என்று இருந்தது.

ஜமீலா வியர்வையில் நனைந்து, பெட்டிகளோடு வந்து இறங்கினாள். சாப்பிட்டிருக்கவில்லை. பெட்டியை வைக்கக் குனிந்தவள், நாற்காலிக்கு அடியில் கிடந்த சீவல்களைப் பார்த்தாள்.

"இது என்ன அண்ணே?"

"ஸ்பாஞ்சு."

"எதுல இருந்து?"

அவர் சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "உள்ள இருக்கற தெர்மாகோலைத் தொடவே இல்லீங்க. அதுதான் அடியை வாங்கும்னு நீங்கதான் சொன்னீங்க. மேல இருக்கற மெத்தையை மட்டும்தான் சீவினேன்."

"எவ்வளவு?"

"அரை விரல்."

ஜமீலா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். சீவலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் எழுந்து புதுப் பேடுகளை எடுத்துப் பையில் போட்டு, ஷட்டரை இறக்கி, வண்டியைக் கிளப்பினாள்.

"ஏறுங்க."

"எங்கீங்க?"

"மாயனூருக்கு."

"போனைப் போட்டு நாளைக்கு வரச் சொல்லலாமே அம்மணி."

"இன்னைக்குச் சாயந்தரம் எதைப் போட்டுட்டு வீட்டுக்குப் போவாங்க?"

வெயில் இன்னும் இறங்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்துவுக்கு ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடுப்பில் குத்தியது. உள்ளுக்குள் கொதித்தது. நல்லது செய்யப்போய் இந்த வயசில் இப்படி ஒரு அலைச்சல், அந்தம்மா முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும். இதோடு முழுக்குப் போட்டுவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார். லாரிகள் கையை உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன.

சுகாதார நிலையத்து வராந்தாவில் ஏழெட்டுப் பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஊசியெல்லாம் போட்டாகிவிட்டது, அதற்கப்புறம் அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். வளர்மதி ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இப்ப என்னங்கண்ணா? நல்லாத்தானே இருக்குது."

"ஒரே நிமிஷம் நர்சம்மா" என்றாள் ஜமீலா. "ஹெல்மெட்டை மாட்டி, வாரைப் பூட்டுங்க."

அவள் சலிப்போடு மாட்டிப் பூட்டினாள்.

"அண்ணே, பிடரிக்கிட்ட விளிம்பைப் பிடிச்சு, மேல தூக்கி முன்னாடி தள்ளுங்க."

"நானுங்களா?"

"நீங்கதானே வெட்டினது."

அவர் பட்டும் படாமல் தள்ளினார்.

"ரோடு இப்படியா தள்ளும்?"

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினார். கொண்டை சரிந்தது. ஹெல்மெட் முன்பக்கம் உருண்டு, நெற்றியைத் தாண்டி, மொத்தமாக அவர் கைக்கு வந்துவிட்டது. வார் பூட்டினது பூட்டினபடியே இருந்தது. நர்சம்மாவின் தாடையிலிருந்த பிளாஸ்திரியும் அதில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

ஆறாத புண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வளர்மதி அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. நாச்சிமுத்து ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஜமீலா அதை வாங்கி, பழைய பேடுகளை இழுத்தெடுத்துப் புதுசை மாட்டினாள். நர்சம்மா புண்ணுக்கு மருந்து வைத்து வேறு பிளாஸ்திரி போட்டுக்கொண்டாள். கொண்டையை அவிழ்த்துத் தாழப் பின்னிக்கொள்ளச் சொன்னாள் ஜமீலா. வளர்மதி பின்னிக்கொண்டாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அப்படியே ரிஜிஸ்டர் எழுத உட்கார்ந்தாள். ஒரு குழந்தை அவளைப் பார்த்துவிட்டு வீறிட்டது, தாய்க்காரி அதைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

"கிள்ளுது" என்றாள் வளர்மதி, எழுதிக்கொண்டே.

"கிள்ளட்டும். பத்து நாள் போட்டா அதுவே கன்னத்துக்கு இடம் விடும். வெட்டின ஸ்பாஞ்சு மறுபடி வளராது."

அரை மணி கழித்துக் கழற்றி நெற்றியைப் பார்த்தாள் ஜமீலா. சிவப்பு எதுவும் இல்லை. திரும்ப மாட்டச் சொல்லி நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவருக்குக் கிட்டே போகவே பயமாக இருந்தது. போய், இருந்த பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளினார். நெற்றித் தோல் சுருங்கியது, ஹெல்மெட் வரவில்லை.

"கழுத்தை ஒடிச்சுப் போடாதீங்கண்ணா" என்றாள் வளர்மதி. பெண்கள் சிரித்தார்கள். நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வருகிற வழியில் ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. ஜமீலா டீயில் பன்னை நனைத்துச் சாப்பிட்டாள். அன்றைக்கு அவளுடைய முதல் சாப்பாடு அதுதான். நாச்சிமுத்து டீயை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

"நாளையில இருந்து நான் வரலீங்க அம்மணி."

அவள் பன்னைத் தின்றுகொண்டிருந்தாள்.

"இது சீட்டுக்குப் பழகின கை. இருபத்தெட்டு வருஷத்துல என்ற சீட்டுல உக்காந்த ஒருத்தரும் குறை சொன்னதில்லீங்க."

"அதுல உக்காந்தவங்க தூங்கலாம் அண்ணே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அந்தம்மா மூஞ்சியில அப்படி ஒரு நிம்மதி வந்துச்சுங்க. அப்பாடான்னாங்க. அதைப் பார்த்துட்டு நான் வேற என்னத்தை நினைப்பேன்? போட்டவங்களே சுகமா இருக்குன்னு சொல்றபோது, இல்லைன்னு நான் எதை வெச்சுங்க கண்டுபிடிக்கறது?"

ஜமீலா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"கடை வைக்கறதுக்கு முன்னாடி ஆறு வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில வேலை பார்த்தேன். விபத்துல அடிபட்டு வர்றவங்களோட ஹெல்மெட்டை நான்தான் கழட்டுவேன்."

இதை அவள் நாலு மாசத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிற வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

எழுந்து போய் வண்டியைக் கிளப்பினாள். அவர் மெதுவாக ஏறி உட்காரும் வரைக்கும் காத்திருந்தாள். உட்கார்ந்தபிறகும் வண்டியை எடுக்கவில்லை.

"காலையில எட்டு மணிக்கு வந்துடுங்க" என்றாள். பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்திட்டு அவங்கவங்க கையாலயே கழட்டறாங்க பாருங்க, அதுதான் அண்ணே சுகமான ஹெல்மெட்."