உப்புக்கிணற்றின் அம்மாக்கள்

ஐரீனிடம் வேலை கற்க வந்தவர்களில் கோமதிதான் வயதில் மூத்தவள். சங்கரன்கோவிலில் பிறந்து, கல்யாணமாகி ஆஸ்திரேலியாவுக்கு வந்து, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு சமூகப்பணி படித்துப் பட்டம் வாங்கியவள்.

ஐரீன் அந்த வறண்ட வட்டாரத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தலைமை அதிகாரி. அந்த மண்ணின் பழங்குடிப் பெண். ஓய்வுபெற அதிகக் காலம் இல்லை. கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. அலுவலகத்தில் சிலர் அதைத் திமிர் என்றார்கள். கோமதிக்கு அது களைப்பு என்று பட்டது.

ஒரு நாள் இருவரும் விடிந்ததும் ஜீப்பில் கிளம்பினார்கள். தார்ச்சாலை முடிந்து செம்மண் பாதை தொடங்கியது. பாதை நெடுக அலை அலையாக மேடு. வண்டி ஓயாமல் உதறியது.

“ஐரீன், ஒன்று கேட்கலாமா?”

“கேள்.”

“ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு வர வேண்டுமா, அங்கேயே விட வேண்டுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

ஐரீன் கியரை மாற்றினார்.

“தண்ணீர் எடுத்து வந்தாயா?”

“இரண்டு கேன் இருக்கிறது.”

“நல்லது,” என்றார் ஐரீன். அத்தோடு சரி.

அவர்கள் போன ஊருக்கு அங்கே வாழ்கிறவர்கள் வைத்த பெயர் வேறு. அரசாங்க வரைபடத்தில் அது உப்புக்கிணறு. கொஞ்சம் தகரக் கூரை வீடுகள், ஒரு கடை, ஒரு பள்ளி, ஒரு சின்ன மருத்துவ நிலையம். அந்த மருத்துவ நிலையத்துக்குப் புதிதாக வந்த நர்ஸ்தான் புகார் அனுப்பியிருந்தாள்.

டெலிஷா என்று ஒரு பெண் குழந்தை. ஐந்து வயது. தாய்க்குச் சிறுநீரகம் பழுது. டயாலிசிஸுக்காக நகரத்திலேயே தங்கிவிட்டாள். குழந்தை இன்று ஒரு வீட்டில் படுக்கிறது, நாளை வேறொரு வீட்டில். காதில் சீழ் வடிகிறது. முன்கையில் சிகரெட்டால் சுட்ட தழும்பு இருக்கிறது. பொறுப்பேற்க ஆள் இல்லை.

படித்தவுடனேயே கோமதி மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள். ஜீப்பின் பின்பக்கத்தில் குழந்தை உட்காரும் சீட்டை அவளே பொருத்தியிருந்தாள்.

ஊருக்குள் போனதும் முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கோமதி தன்னை யாரென்று சொல்லிவிட்டுக் கேட்டாள்.

“டெலிஷாவின் அம்மா இடத்தில் இருந்து அவளைப் பார்த்துக்கொள்வது யார்?”

“நான்தான் அவள் அம்மா,” என்றாள் அந்தப் பெண்.

அடுத்த வீட்டில் இன்னொருத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளும் அதையே சொன்னாள். மூன்றாவது வீட்டில் ரோண்டா என்பவள் தேநீர்க் குவளையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். கோமதி கேட்டு முடிக்கும் முன்பே, “நான்தான் அம்மா,” என்றாள். பிறகு ஐரீனைப் பார்த்து, “வாங்க ஆன்ட்டி,” என்றாள். அந்தப் பக்கத்து ஊர்களில் மரியாதைக்குரிய பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

டெலிஷா சற்றுத் தள்ளி நாய்களோடு ஓடிக்கொண்டிருந்தாள். யாரோ பெரிய பிள்ளையின் கவுன். காதில் பஞ்சு. கோமதி சிரித்தபோது நாக்கைத் துருத்திக் காட்டினாள்.

கோமதி ஐரீனைத் தனியே அழைத்துப் போனாள்.

“மூன்று பேரும் பொய் சொல்கிறார்கள்.”

“அப்படியா?”

“பெற்றவள் நகரத்தில் இருக்கிறாள். அது நமக்கே தெரியும்.”

“உன் அம்மாவுக்கு அக்கா உண்டா?”

“இருந்தார்கள்.”

“என்னவென்று கூப்பிடுவாய்?”

“பெரியம்மா.”

“அப்படி என்றால்?”

கோமதி ஆங்கிலத்தில் அர்த்தம் சொல்ல வாயெடுத்தாள். பெரிய அம்மா. சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். பிறகு கொஞ்சம் கோபமாக, “அந்தத் தழும்பு? அதற்கு எந்த அம்மா பதில் சொல்வது?” என்று கேட்டாள்.

“அதைக் கேட்டாயா?”

“கேட்டேன். தெரியாது என்கிறார்கள், மூன்று பேரும். இதற்குமேல் என்ன வேண்டும்? இப்போதே குழந்தையை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் இருட்டுவதற்குள் நகரத்துக்குப் போய்விடலாம். சட்டம் நமக்கு அனுமதி தருகிறது.”

“தருகிறது,” என்றார் ஐரீன்.

ரோண்டாவின் வீட்டுக்கு எதிரே ஒரு மரம் நின்றது. பெரிய நிழல் இல்லை. ஐரீன் அதனடியில் போய் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

“இங்கே வா.”

“எதற்கு?”

“உட்கார்.”

“அவர்களிடம் இன்னும் என்ன கேட்க வேண்டும்?”

“ஒன்றும் கேட்காதே.”

கோமதி உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. ஈக்கள் கண்ணோரத்தில் மொய்த்தன. ஓட்டி ஓட்டிக் கை சலித்தது. நிழல் நகர்ந்தபோதெல்லாம் இருவரும் கூடவே நகர்ந்தார்கள். எதிரே பெண்கள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அவ்வப்போது ஜீப்பைப் பார்த்தார்கள். அதன் பின்பக்கக் கண்ணாடி வழியே அந்தச் சின்ன சீட் தெரிந்தது. ஒருத்தி கிழங்கு வேகவைத்தாள். டெலிஷா ஒருத்தி மடியில் சாப்பிட்டு, இன்னொருத்தி மடியில் தூங்கிப்போனாள். கோமதிக்கு முதுகு வலித்தது. ஒரு நாள் வீணாகப் போகிறதே என்று நினைத்தாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது தொலைவில் புழுதி எழும்பியது. ஏதோ வண்டி.

யாரும் சத்தம் போடவில்லை. ரோண்டா தூங்குகிற குழந்தையின் தோளைத் தொட்டாள். மடியில் வைத்திருந்தவள் அவளைத் தூக்கி வேலிக்கு மேலே நீட்டினாள். அந்தப் பக்கம் நின்றவள் வாங்கினாள். வாங்கியவள் கடைசி வீட்டின் பின்கதவு வழியே உள்ளே போனாள். குழந்தை அழவில்லை. அதற்கு இது பழக்கம் என்று தெரிந்தது. ரோண்டா பழையபடி படியில் உட்கார்ந்து குவளையை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளை டிரக் ஒன்று வந்து நின்றது. நடுவயது ஆள் ஒருவன் என்ஜினை அணைக்காமல் இறங்கினான்.

“டெலிஷா எங்கே?”

“அவள் அம்மாவோடு இருக்கிறாள்,” என்றாள் ரோண்டா.

“எந்த அம்மா?”

“அம்மாவோடு.”

அவன் சிரித்தான். சுற்றிலும் பார்த்தான். அரசாங்க ஜீப் கண்ணில் பட்டதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரத்தடிக்கு வந்தான்.

“நீங்கள் குழந்தைகள் துறையா?”

“ஆமாம்,” என்றாள் கோமதி.

“என் பெயர் டேரில். அந்தப் பிள்ளையின் அம்மாவோடு வாழ்ந்தவன். பாவம், அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பிள்ளையைக் கொண்டுபோய் அவளிடம் காட்டலாம் என்று வந்தேன். இவர்கள் மறைக்கிறார்கள். நீங்கள் படித்தவர்கள். நீங்களே சொல்லுங்கள், எந்த வீட்டில் இருக்கிறாள்?”

மரியாதையாகத்தான் பேசினான். பொறுப்பேற்க ஆள் இல்லை என்றது புகார்; இதோ ஒரு மனிதன், தாயிடம் குழந்தையைச் சேர்க்க வந்தவன். கோமதி ஐரீனைப் பார்த்தாள். ஐரீன் காலில் ஏறிய எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

கோமதி எதிர்ப்பக்கம் பார்த்தாள். பெண்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் கெஞ்சல் இல்லை. ரோண்டா குவளையைப் படியில் வைத்துவிட்டாள்.

“தெரியாது,” என்றாள் கோமதி. “காலையிலிருந்து நானும் அவளைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.”

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டான். பிறகு இரண்டு வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தான். நாய்கள் குரைத்தன. ராத்திரி திரும்பி வருவேன் என்று ரோண்டாவிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான்.

புழுதி அடங்கியது. அதன்பின் ரோண்டா எழுந்து உள்ளே போய் ஒரு குவளைத் தேநீர் கொண்டுவந்தாள். கோமதியிடம் கொடுத்துவிட்டு அவள் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள்.

“கையில் இருக்கிற சூடு அவன் வைத்தது,” என்றாள். “நகரத்தில். என் தங்கை மெஷினில் படுத்திருந்தபோது. எங்கள் அண்ணன்தான் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான். தங்கையை அடித்ததற்காக அதற்கு முன்பே, இந்த ஊர்ப்பக்கம் வரக்கூடாது என்று கோர்ட் சொல்லியிருக்கிறது. வருகிறான். எப்போது வருவான் என்று தெரியாது. அதனால் எந்த வீட்டிலும் அவளைத் தொடர்ந்து படுக்க வைப்பதில்லை.”

“இதை நர்ஸிடம் ஏன் சொல்லவில்லை?”

“சொன்னால் அவள் உங்களிடம் சொல்வாள்.”

“போலீஸிடம் சொல்லியிருக்கலாமே?”

“அவர்களும் உங்களிடம்தான் சொல்வார்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று நீங்கள் வண்டி எடுத்துக்கொண்டு வருவீர்கள். எங்கள் அம்மா காலத்திலும் எங்கள் பிள்ளைகளை எடுத்துப்போக அப்படித்தான் வந்தார்கள்.” ரோண்டா ஜீப்பின் பக்கம் பார்த்தாள். “சொல்லாமலே வந்துவிட்டீர்கள்.”

ஐரீன் எழுந்து மருத்துவ நிலையத்துக்குப் போய்ப் போலீஸுக்குப் போன் செய்தார். ஊருக்கு இருப்பது ஒரே பாதை. எதிரே வந்த போலீஸ் வண்டி டேரிலை வழியிலேயே மடக்கிவிட்டது. கோர்ட் தடையை மீறியதற்காக அவனைக் கொண்டுபோனார்கள்.

குழந்தையை ஏற்றாமலே அவர்கள் திரும்பினார்கள். பின்னால் காலி சீட் லொடலொடவென்று ஆடிக்கொண்டு வந்தது.

“உங்களுக்கு முன்பே தெரியுமா?” என்று கேட்டாள் கோமதி.

“தெரியாது.”

“பிறகு எதற்காக நாள் முழுக்க உட்காரச் சொன்னீர்கள்?”

“எனக்கு முழங்கால் வலி.”

கோமதிக்குச் சிரிப்பு வந்தது. ஐரீன் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே வந்த காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டினார். தார்ச்சாலை ஏறியதும் அவராகவே பேசினார்.

“நான் எடுத்துவந்த பிள்ளைகளில் சிலர் வளர்ந்த பிறகும் எனக்குப் போன் செய்கிறார்கள். சிலர் தெருவில் என்னைக் கண்டால் காறித் துப்புகிறார்கள். யார் எதைச் செய்யப்போகிறார்கள் என்று ஏற்றும்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.”



டெலிஷாவை ரோண்டாவிடமே விட வேண்டும் என்று கோமதி தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். குழந்தைக்குத் தனி அறை இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. தனிக் கட்டில்? இல்லை. வீட்டில் எத்தனை பேர்? அது நாளுக்கு நாள் மாறும். அப்படியானால் கஷ்டம் என்றார்கள். கோமதி விடவில்லை. நகரத்துக்குப் போய் நேரில் வாதாடினாள். டயாலிசிஸ் அறையில் டெலிஷாவின் தாயைச் சந்தித்து, அவள் விருப்பத்தை அவள் வாயாலேயே சொல்லவைத்தாள். ஊர் ஊராகச் சுற்றும் காது டாக்டர் அடுத்த முறை உப்புக்கிணற்றுக்கும் வருவதற்கு ஏற்பாடு செய்தாள். ஒரு கூட்டத்தில் அழுதும்விட்டாள். பிறகு அதற்காக வெட்கப்பட்டாள். ஐரீன் ஒவ்வொரு தாளிலும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

கடைசியில் உத்தரவு வந்தது. டெலிஷா பெரியம்மாவிடமே வளரலாம். யாரும் எடுத்துப்போக மாட்டார்கள்.

அதைத் தபாலில் அனுப்பக் கோமதிக்கு மனமில்லை. நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றாள். ஐரீனுக்கு அன்று உடம்பு சரியில்லை. இருந்தும் கூட வந்தார். வழி முழுக்கக் கோமதிதான் பேசிக்கொண்டு வந்தாள். இந்த வேலைக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஒரு நல்ல செய்தியோடு போகிறேன் என்றாள்.

ஜீப் ஊருக்குள் திரும்பியபோது வேலியோரம் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் டெலிஷா. கோமதி அவளைத் தெளிவாகப் பார்த்தாள். கையசைத்தாள்.

வண்டி நின்று, கோமதி கதவைத் திறந்து இறங்கியபோது குழந்தையைக் காணோம்.

“வாங்க ஆன்ட்டி,” என்று ரோண்டா ஐரீனிடம் சொன்னாள். கோமதியைப் பார்த்தும் தலையசைத்தாள். தேநீர் போட்டாள்.

கோமதி உத்தரவைப் படித்துக் காட்டினாள். ஒவ்வொரு வரியையும் விளக்கினாள். பெண்கள் அனைவரும் கவனமாகக் கேட்டார்கள். நல்லது என்றார்கள். ரோண்டா கோமதியின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. அது பொய்யில்லை.

“டெலிஷாவைக் கூப்பிடுங்களேன். அவளைப் பார்த்துவிட்டுப் போகிறேன்,” என்றாள் கோமதி.

ரோண்டா கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

“அவள் அம்மாவோடு இருக்கிறாள்,” என்றாள்.

தேநீர் தீர்ந்தது. இன்னொரு குவளை வந்தது. வானிலையைப் பற்றிப் பேசினார்கள். நகரத்தில் இருக்கிறவளின் உடல்நிலை பற்றிப் பேசினார்கள். குழந்தை வரவில்லை. கோமதி மறுபடி கேட்கவில்லை.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகும் கோமதி கதவைச் சாத்தவில்லை.

“டேரில் ஜெயிலில்தானே இருக்கிறான்?”

“இருக்கிறான்,” என்றார் ஐரீன்.

“அது இவர்களுக்கும் தெரியுமே?”

“தெரியும்.”

“இவர்களுக்காக யார் யாரிடமெல்லாம் சண்டை போட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்று அன்றைக்கு ஒரு பொய்கூடச் சொன்னேன்.” கோமதி ஐரீன் பக்கம் திரும்பினாள். “என்னைப் பார்த்தால் கெட்டவளாகவா தெரிகிறது, ஐரீன்?”

ஐரீன் சாவியைத் திருகவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் போட்டபடி, யாருமில்லாத வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சின்ன வயதில் என்னை எடுத்துப்போக அரசாங்க வண்டி வந்த அன்று என் அம்மா என்னை ஒளித்து வைக்கவில்லை,” என்றார். “முகம் கழுவித் தலை வாரி, அவளே வெளியில் கூட்டிக்கொண்டு வந்தாள். வண்டியில் வந்த பெண்ணைப் பார்த்தால் ரொம்ப நல்லவளாகத் தெரிந்தாளாம்.”