இடிந்து விழுந்த பண்டிதர்

இத்தாலியில் ஒரு பிரபுவின் ஊரில் தெபால்தோ என்றொரு கணித மேதை இருந்தார். ஆற்றுப் பாலத்தின் வளைவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். யாரும் கண்டுகொள்ளாமலே செத்துப்போனார். உடனே அரண்மனைப் பண்டிதர் ஃபுல்வியோ அந்தக் கணக்கு தன்னுடையது என்று சொல்லி, பட்டமும் பதக்கமும் வாங்கிக்கொண்டார்.

தெபால்தோவின் மனைவி ஓர்சோலா பிரபுவின் சபைக்கு வந்து வந்து முறையிட்டாள். பண்டிதர் சிரித்தார்.

"செத்தவனையே சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வாம்மா, பார்க்கலாம்!"

ஓர்சோலாவுக்கு அலுத்தேபோயிற்று.

"சரி ஐயா, கணக்கு உங்களுடையதாகவே இருக்கட்டும், எனக்கும் நிம்மதி. இப்போதுதான் பாலம் இடிந்து விழுந்ததாம். கணக்குப் போட்டவனைத் தூக்கில் போடணும் என்று ஊரே திரண்டு வருகிறது."

பண்டிதர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ பிரபுவே, அது அந்தப் பாவி தெபால்தோவின் கணக்கு! நான் பார்த்து எழுதினதோடு சரி!"

"பாலம் அசையாமல் நிற்கிறது, பிரபுவே," என்றாள் ஓர்சோலா. "விழுந்தது உங்கள் பண்டிதர்தான்."

சபையே சிரித்தது. பிரபு பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு, பாலத்தில் தெபால்தோவின் பெயரைப் பொறிக்க உத்தரவிட்டார்.

மறுவாரம் ஓர்சோலா ஆசையாகப் போய்ப் பார்த்தாள். 'தெபாத்லோ' என்று செதுக்கியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டவள், கல்தச்சன் கையிலிருந்த உளியைப் பிடுங்கித் தானே செதுக்க உட்கார்ந்துவிட்டாள்.